நூல் கண்டுகளுடன் மியூசியத்துக்கு

எங்கள் ஊர் மாதா கோயிலில் சொரூபத்துக்கு வருஷத்தில் ஒரு முறைதான் நீலப் பட்டுப் போர்வை சாத்துவார்கள். திருநாள் முடிந்ததும் அது மரப்பெட்டிக்குள் போய்விடும். பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. ஊரில் தையல் மெஷின் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தபோது பூத்தையலும் கற்றுக்கொண்டிருந்தேன். திருநாளுக்கு ஒரு மாதம் முன்னால் போர்வையை வீட்டுக்கு எடுத்து வந்து, பிரிந்த தையலைப் போட்டு, கரையை நேராக்கி, திருநாளுக்கு முந்தின நாள் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்தச் சாவிதான்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்கு முப்பத்தெட்டு வயது நடக்கும்போது, அந்தப் போர்வையை நான் கெடுத்தேன்.

முந்தின வருஷத்து மெழுகுவர்த்திப் புகை தலைப்பக்கம் கறுப்பாகப் படிந்திருந்தது. பூந்திக்கொட்டை நுரையில் மெதுவாக அலசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சீக்கிரம் போகட்டும் என்று சலவைச் சோடாவில் ஊறப் போட்டுவிட்டு, வேறு ஒரு ரவிக்கைக்குக் கை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அண்டாவில் இருந்த தண்ணீர்தான் நீலமாக இருந்தது. துணி, கத்தரிக்காய் வேகவைத்த தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது.

அதைப் பார்த்தவள் என் நாத்தனார் ஒருத்திதான். வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. முப்பது வயது தாண்டியும் எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அடுத்த வீட்டில் இருந்தாள். அவரைக்காயும் பீன்ஸும் கூடையில் கட்டி வாரத்துக்கு இரண்டு நாள் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோவாள்.

"ஐயோ அண்ணி! மாதாவ இப்படி மொட்டக் கலருல நிக்க வெச்சா ஊரு நம்மள உள்ள சேக்குமா?" என்றாள்.

"கத்தாதே பாப்பா. யாருகிட்டயும் சொல்லாதே. அதே மாதிரி ஒண்ணு தெச்சு வெச்சிடறேன்."

சொன்னது அவ்வளவுதான். அதே மாதிரி என்றால் எந்த மாதிரி? ஓசூரில் இரண்டு ஜவுளிக்கடை, கிருஷ்ணகிரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "என்ன நீலம் வேணும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சங்குப்பூ வாடத் தொடங்கும்போது ஒரு நிறம் வருமே, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு ஊதாவை எடுத்துப் போட்டார். கண்ணை மூடினால் போர்வை அப்படியே தெரிந்தது. கண்ணைத் திறந்து எந்தத் துணியைப் பார்த்தாலும் அது இல்லை.

பாப்பாதான் வழி சொன்னாள். "பெங்களூருல ஒரு நாள் மழைக்கு ஒதுங்குனேன் அண்ணி, பெரிய பங்களா, மியூசியமாம். உள்ள ஒரு வெள்ளக்காரி மாதா படம் மாட்டிருக்குது. நம்ம மாதா போர்வை மாதிரியேதான் போத்தியிருக்கா. அச்சு அசல் அந்த நீலம்."

பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்து வைத்த பூத்தையல் பட்டு நூல் கண்டுகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதில் நீலமாக இருந்ததையும் நீலத்துக்குச் சொந்தம் போல இருந்ததையும் பொறுக்கினேன். பத்தொன்பது கண்டு வந்தது. படத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பது, சேரும் நூலைத் தனியே முடிந்துகொள்வது, அதைக் காட்டிப் பெங்களூர்ப் பேட்டைக் கடைகளில் துணி கேட்பது. இதுதான் என் திட்டம். வீட்டுக்காரரிடம், பாப்பாவுக்குக் கூடை தூக்க ஆள் வேண்டுமாம் என்றேன்.

மார்க்கெட்டில் காய் இறக்கி முடிக்கப் பத்து மணி ஆயிற்று. அங்கிருந்து நடந்தே போனோம். மரங்களுக்கு நடுவில் சிவப்பாக, உயரமான தூண்களோடு இருந்தது அந்தக் கட்டடம். படிக்கட்டில் ஏறினோம். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். பாப்பா, "இது கோயிலு இல்ல அண்ணி, காணாமப் போச்சுன்னா வெறுங்காலோடதான் ஊருக்கு வரணும்" என்று மறுபடி போட வைத்தாள்.

முதல் கூடத்தில் உருவம் செதுக்கிய பழைய கற்கள். கத்தி பிடித்த ஓர் ஆள், அவன் மேல் பாயும் புலி, மேலே இரண்டு பெண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதே போல ஒன்று எங்கள் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கிறது. எருமைகள் அதில் முதுகு சொறியும். இங்கே அதைச் சுற்றிக் கயிறு கட்டி, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அட்டை எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கல்லில் புலியின் முகம் தேய்ந்துபோய் வெறும் உருண்டையாக இருக்கும். புலிக்கு முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாய் முகம் போலத்தான் இருந்தது.

அடுத்த அறையில் மைசூர்ப் படங்கள். சாமிகளின் நகையெல்லாம் தங்கத்தில். நேரே நின்று பார்த்தால் வழவழப்பு. நான் பக்கவாட்டில் போய்ச் சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். தங்கம் படத்திலிருந்து மேலே எழும்பியிருந்தது. பூத்தையலில் அடியில் பஞ்சு வைத்துத் தைப்போமே, அது போல அடியில் ஏதோ வைத்து மேலே தகடு ஒட்டியிருக்கிறார்கள். அடியில் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டேன். பாப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "நாம வந்தது எதுக்கு? இத பாக்கவா?"

ஆனால் என்னால் வேகமாகப் போக முடியவில்லை. அடுத்தது சீமைச் சாமான்கள் இருந்த கூடம். ஆள் உயரச் சீனத்து ஜாடி. அதில் பாலத்தின் மேல் குடை பிடித்துப் போகும் மூன்று பேர். ஜாடியைச் சுற்றி வந்தால் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியும் என நினைத்து முழுக்கச் சுற்றினேன். மறுபடி அதே பாலத்துக்குத்தான் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம். கோட்டில் ஏழு பொத்தான், ஆனால் காஜா ஆறுதான் இருந்தது. படம் எழுதியவருக்கு ஒரு காஜா மறந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது?

ஒரு மூலையில் பளிங்கில் ஒரு பெண், மேலே துணியில்லாமல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாப்பா நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"பாவம் அண்ணி, ஒரு ரவிக்கை தெச்சுக் குடு. அளவு எடுக்க ஆடாம நிக்கிறா பாரு, உன் கிட்ட வர்ற ஒருத்தியாவது இப்படி நின்னிருக்காளா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன். நகர்ந்த இடத்தில்தான் ஜப்பானியத் திரை இருந்தது. நாலு மடிப்பாக நிற்கும் பட்டுத் திரை, தண்ணீரில் நிற்கும் கொக்குகள். வரைந்தது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் அத்தனையும் தையல். ஒவ்வொரு இறகுக்கும் நூல் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளை ஒன்றுதான், ஆனால் நூல் சாய்ந்த பக்கத்தால் ஒரு இறகு வெளிச்சமாகவும் பக்கத்து இறகு நிழலாகவும் தெரிந்தது. பின்பக்கம் முடிச்சு எப்படிப் போட்டிருப்பார்கள் என்று பார்க்கக் குனிந்தேன். திரை சுவரை ஒட்டி இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

கடைசி அறையில் அந்தப் படம். தாய் உட்கார்ந்திருந்தாள், மடியில் துணியில்லாத குழந்தை, தலையிலிருந்து கால் வரைக்கும் நீலப் போர்வை. வாசலிலேயே நின்றுவிட்டேன். அதே நீலம். பாப்பா பொய் சொல்லவில்லை.

சிலுவை போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். பையிலிருந்து முதல் கண்டை எடுத்து, படத்தைத் தொடாமல், முழங்கால் மடிப்புக்கு நேராகப் பிடித்தேன். சேரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. பத்தொன்பதும் சேரவில்லை. சேராதது நூலின் குற்றம் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. நான் பார்த்த இடத்தில் நீலமே இல்லை. மடிப்பின் பள்ளத்தில் கறுப்பு. பக்கத்தில் பாசி போன்ற பச்சை. முழங்கால் மேட்டில் வெள்ளையும் கொஞ்சம் ரோஜாவும் இழுத்துவிட்ட மாதிரி கோடுகள். அங்கங்கே மட்டும் கறுநீலம். பின்னால் நடந்தேன். பத்தடி போனதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் மாதாவின் நீலம் ஆயிற்று. முன்னால் வந்தேன், உடைந்துபோயிற்று. இப்படி நாலைந்து முறை முன்னும் பின்னும் போனேன். எந்த அடியில் சேருகிறது என்று பிடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

"முட்டபேடி!"

காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாகக் காவல்காரர் ஒருவர் என் பின்னால் நின்றார். தொடாதே என்கிறார். நூலோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்தது படத்தை இல்லை, என் கையில் இருந்த பட்டு நூல்களை. முகம் மாறியது. "எங்கேம்மா எடுத்தே இத?" என்றார் தமிழில்.

எனக்குப் புரியும்முன் பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஜப்பானியத் திரையிலிருந்து நான் நூலை உருவிவிட்டேன் என்று நினைக்கிறார். அவள் கன்னடத்தில் பிடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. என்னை முன்னால் நடக்கவிட்டுத் திரை வரைக்கும் கூட்டிப் போனார். கொக்குகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகள் போல இருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"எண்ணிக்கோ சாமி, கொக்கு எல்லாம் றெக்கையோடதான் இருக்குது" என்றாள் பாப்பா. "அந்த வெள்ளக் கொக்குல நீல நூலு ஏது? கண்ணு தெரியுதா இல்லியா?"

அவர் என் கையைப் பார்த்தார். கொக்கைப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரித்துவிட்டார். "சரி, எதுக்கும்மா இத்தினி நீலம்?"

அந்த மனிதரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. ஊர்க்காரர் இல்லை, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை என்பதாலோ என்னவோ, சோடாவிலிருந்து கிருஷ்ணகிரிக் கடை வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் எங்களைப் படத்துக்கே திரும்பக் கூட்டிவந்து, சட்டத்தின் கீழே ஆணி அடித்திருந்த சின்னத் தகட்டைக் காட்டினார்.

"படிக்கத் தெரியுமா?"

இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தெரியாத ஒரு சொல் நடுவில் நின்றது.

"நகல்னு எழுதியிருக்கு" என்றார் அவர். "அசல் இத்தாலியில இருக்குது. நம்ம பக்கத்துப் பெயிண்டர் ஒருத்தர் அங்க போயி, எதிர்ல உக்காந்து பாத்து எழுதுனது. அசல் மாதிரியே இருக்குதுன்னு வெள்ளக்காரங்களே சொல்லுவாங்களாம்."

"அப்புறம் எதுக்கு நகல்னு போட்டுக்கிட்டாரு? சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் பாப்பா.

"அவருக்குத் தெரியுமே" என்றார் காவல்காரர், அதில் என்ன கேள்வி என்பது போல. பிறகு ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் சத்தத்தோடு உள்ளே வர, அவர்களை அதட்டப் போய்விட்டார்.

பஸ்ஸில் பாப்பா தூங்கிவிட்டாள். அத்திப்பள்ளி தாண்டும் வரை என் மடியில் இருந்த துணிப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பேட்டையில் ஒரே நீலத்தைத் தேடவில்லை. பாசிப்பச்சையில் சாட்டின் வாங்கினேன், அதன் மேல் போட, கறுநீலத்தில் கண்ணாடி போல மெல்லிய துணி. கடையில் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுவிட்டு நான் பின்னால் பின்னால் நடந்ததைப் பார்த்துக் கடைக்காரர், "எங்கம்மா போறே, பணம் குடுக்காம?" என்று கேட்டார்.

அடுத்த மூன்று வாரமும் அந்த இரண்டு துணிகளோடுதான் இருந்தேன். மடிப்பு விழும் இடங்களில் உள்பக்கமாகக் கறுப்பு நூல் ஓட்டினேன். தோள் வரும் இடத்தில் வெள்ளையும் கொஞ்சம் ரோஜாவும், கொக்கின் இறகு போல நூலைச் சாய்த்துத் தைத்தேன். கதவைச் சாத்திவிட்டு அதை அலமாரி மேல் தொங்கவிட்டுப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது, பழையதுதானோ என்று. ஆனால் நகல் என்ற அந்தச் சொல்லும் கூடவே வந்தது. சொல்லிவிடலாமா என்று பாப்பாவிடம் கேட்டேன்.

"உனக்குப் பைத்தியமா? தெச்சது தெரியாத மாதிரி தெச்சுப்புட்டு, தெச்சேன்னு நீயே போயிச் சொல்றதா? சாவியப் புடுங்கிக்குவாங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கோயிலுக்குப் போனேன்.

போர்வை சாத்தும் நேரத்தில் கோயிலுக்குள் பெண்கள் மட்டும்தான் இருப்போம். மத்தியானம், கதவு சாத்தியிருக்கும். கோயில்பிள்ளையின் மனைவி ஒரு முனையைப் பிடிப்பார். கோயில் வேலை பார்ப்பவரின் மனைவி என்பதால் அவர் சொல்வதுதான் பெண்களுக்குச் சட்டம். எனக்கு அத்தை முறை. சாத்துவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாக வந்து போர்வையின் கரையை முத்தமிடுவார்கள். அந்த வருஷம் முதலில் வந்தவள், மூன்று பிள்ளை தங்காமல் நாலாவதைச் சுமந்துகொண்டிருந்தவள். "பாட்டன் காலத்துப் போர்வை மாதாவே, இதையாவது குடு" என்று கரையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அது பழசில்ல" என்றேன்.

என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை திரும்பினார். "என்னாது?"

"பழசு என் கையால கெட்டுப்போச்சுங்க அத்தை. சோடாவுல போட்டுட்டேன். இது நான் தெச்ச நகலு."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மாதா துணிய சோடாவுல போட்டாளாம்! அழுக்கு வேட்டியா அது?"

"ஒரு மாசமா ஒண்ணும் தெரியாதவ மாதிரி பூசைக்கு வந்து முன்னால நின்னாளே!"

"பேச வாயில்லன்னு நெனச்சோம். வாயி இல்ல, வஞ்சகம்தான் இருக்குது."

பாப்பா சண்டைக்குப் போகப் பார்த்தாள். அத்தை கையை நீட்டினார். இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். "பழசக் கொண்டா" என்றார். வீட்டுக்கு ஓடி, அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்ததை எடுத்து வந்தேன். மாதாவின் துணி இனி ஆகாது என்றால் வீட்டுக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். வெட்டும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். வெளுத்துப்போன அந்தத் துண்டுகளை எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள், என் முகத்தைப் பார்க்காமல். முதல் துண்டை அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்தேன். அவள் மட்டும் என் கையைத் தொட்டு வாங்கினாள்.

போர்வையில்லாமல் தேர் புறப்பட முடியாது. பங்குச் சாமியார் வந்து புதியதை மந்திரித்தார், சாத்தினார்கள். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் பாப்பா எனக்குப் பரிந்து பேசப் போய் உளறிவிட்டதில், எவளோ வெள்ளைக்காரி படத்தைப் பார்த்துத் தைத்தது என்ற பேச்சு மட்டும் ஊரில் நிற்கவில்லை. திருநாள் முடிந்த இரண்டாம் வாரம் அத்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அந்தப் படத்த நான் பாக்கணும். சாவிய யாருகிட்ட குடுக்கிறதுன்னு அப்புறம் சொல்றேன்."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் போனோம். அத்தைக்கு அதுதான் முதல் பெங்களூர். காவல்காரர் என்னைக் கண்டதும், "நூலம்மா, இன்னிக்கி என்ன கலரு?" என்றார். அத்தை கற்களிடமும் ஜாடியிடமும் நிற்கவில்லை. பளிங்குப் பெண்ணைக் கடக்கும்போது மட்டும், "கர்த்தரே" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

படத்துக்கு முன்னால் போய் மூக்கு இடிக்கும் அளவுக்கு நின்றார். "எங்கடி நீலம்? பாசி புடிச்ச மாதிரி இருக்குது."

"பின்னால வாங்க அத்தை. இன்னும் கொஞ்சம். இப்பப் பாருங்க." கையைப் பிடித்து நடத்தினேன். மடிப்பில் ஏன் கறுப்பு, முழங்காலில் ஏன் வெள்ளை, பச்சைக்கு மேல் நீலம் வந்தால் என்ன ஆகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் அவ்வளவு பேசி பாப்பாகூடக் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்க்கவில்லை.

அத்தை முன்னே போனார், பின்னே வந்தார். பின்னே வரும்போது ஒரு பெஞ்சில் இடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

"புள்ளைக்கு ஒரு துணி போடக் கூடாதா, குளுராது?" என்றார் கடைசியில். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "அடுத்த வருசம் அடியில போட்டிருக்கிற பச்சைய மாத்து. நம்ம மாதா மாநிறம். அந்தப் பச்சை அவ மொகத்துக்குத் தூக்கலா அடிக்குது."

"சரிங்க அத்தை" என்றேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.